யார் கொண்டுவந்தது

மைனஸ் நாற்பத்தெட்டு.
மூன்றடுக்குக் கண்ணாடி. இடுக்குகளில் பஞ்சு திணித்து
மேலே காகிதம் ஒட்டி
அக்டோபரிலேயே மூடிவிட்டோம்.
இரண்டு அறை, ஐந்து பேர்.
ஏப்ரல் வரை இருக்கிற காற்று இதுதான்.

யாகூத்ஸ்க் தெருக்களில்
ஒவ்வொருவர் மூச்சும் கண்ணுக்குத் தெரியும்.
முகத்துக்கு முன்னால் ஆளுக்கொரு வெண்மேகம்.
எதிரே வருபவரின் மேகத்தில் நுழையாமல்
ஒதுங்கிப் போய்விடலாம்.
வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றியதும்
மேகம் காணாமல் போகிறது.
மூச்சு போவதில்லை.

திங்கட்கிழமை எர்கேனுக்கு மூக்கு ஒழுகியது.
நாலு வயது, பாலர் பள்ளி.
"அங்கேயிருந்துதான்" என்றேன்
தீர்ப்பு எழுதிப் பேனாவை உடைத்தவள் போல.
தட்டு தனி. துண்டு தனி.
அவனுடைய நீலக் கோப்பையின் காதில்
அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன்.
நடு இரவில் அவனாக எழுந்து வந்து
என் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கினான்.
அங்கே எந்த நூலைக் கட்டுவது?

புதன்கிழமை துயாரா.
தம்பி கடித்து வைத்த அப்பத்தின் மிச்சத்தைத்
தின்றதாக அவளே ஒப்புக்கொண்டாள்,
ஏதோ திருட்டுப் போல, அழுதுகொண்டு.

வியாழன் எரேல்.
என் கணவனின் தம்பி; சமையலறை பெஞ்சில் படுப்பவன்.
லேனா நதி உறைந்ததும் அதன்மேல் லாரி ஓட்டுகிறவன்.
ஆயிரம் கிலோமீட்டர் ஒற்றை ஆளாக வந்திறங்கி
இரண்டாம் இரவே தும்மத் தொடங்கினான்.
"ரோட்டில் எனக்கு ஒன்றும் வராது அண்ணி,
வீடுதான் ஆபத்து" என்று சிரித்தான்.
சிரிப்பு பாதியில் இருமலானது.

ஐசெனுக்கு மட்டும் ஒன்றுமில்லை.
எங்கள் எல்லோரோடும்தான் படுத்தான், தின்றான்,
எர்கேனின் மூக்கைத் தன் சட்டையிலேயே துடைத்தான்.
பச்சை வெங்காயம் என்றான் காரணம்.
அது ஏன் ஒருவரை மட்டும் தாண்டிப் போகிறது
என்று யாருக்குத் தெரியும்.
பொறாமையாக இருந்தது, சொல்லப்போனால் கோபம்.

வட்டார மருத்துவர் ஃபெவ்ரோனியா இவனோவ்னா
கையைச் சூடாக்கிக்கொண்டு
பிள்ளையின் முதுகில் குழலை வைத்தார்.
"வீட்டில் முதலில் யாருக்கு?"
சுட்டினேன் அவனை.
"உங்களுக்கு?"
எனக்கொன்றுமில்லை.
போன சனிக்கிழமை தொண்டையில் மட்டும்
கம்பளி நூல் சிக்கியது மாதிரி ஒரு உறுத்தல்.
பேருந்து நிலையத்தில் டிக்கெட் தருபவள் நான்.
கண்ணாடித் துளையில் குனிந்து குனிந்து
"நம்ஸி ரெண்டு", "போக்ரோவ்ஸ்க் ஒண்ணு"
ஒரு நாளைக்கு முந்நூறு வாய்.
தேநீர் குடித்தேன், ஞாயிறு காலை சரியாகிவிட்டது என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
ஒரு வரியை அடித்துவிட்டு
மேலே வேறெதையோ எழுதினார்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான்
அந்தச் சனிக்கிழமைச் சூப் நினைவுக்கு வந்தது.
ஆவி பறந்தது. சுடும் என்றான்.
மடியில் உட்கார்த்தி
கரண்டி கரண்டியாக
ஊதி
ஊதி
ஊட்டினேன்.

ஒட்டுவாரொட்டி என்று
நாலு நாளாகக் குழந்தையின் கோப்பையைத்
தனியே கவிழ்த்து வைத்திருந்தேன்.

பெரிய ஜன்னலின் மேல்மூலையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு.
உறைந்திருந்த கொண்டியைக் கத்தியால் தட்டித் திறந்தேன்.
குளிர் சுவரோடு வழிந்து தரையில் புகையாய் உருண்டது.
மேலே, வெளியேறிய எங்கள் காற்று
தெருவிளக்கின் மஞ்சளில் வெளுத்துத் திரண்டது.
இத்தனை நாள் கண்ணில் படாதது.
அதில் எர்கேனுடையது எது, துயாராவுடையது எது,
என்னுடையது எது என்று தேடிப் பார்த்தேன்.
ஒரே மேகம்தான்.

"மூடுங்க அண்ணி" எரேல் கத்தினான்,
"சூப் ஆறிப்போகுது."

ஆறட்டும்.